பாவ அறிக்கை, இரண்டு நிமிடம்

ஆரம்ப ஜெபம், முதல் பாட்டு, சங்கீத வாசிப்பு என்று நாளைய ஆராதனை ஒழுங்கின் முதல் மூன்று வரிகளைச் சுகிர்தா டீச்சர் கை நிற்காமல் எழுதிவிட்டாள். நான்காவது வரியில் ‘பாவ அறிக்கை – 2 நிமிடம்’ என்று எழுதி அடியில் கோடு போடும்போதுதான் கோயிலுக்குள் யாரோ பெஞ்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் ஒரு பெண்குரல், வாசலில் நின்ற கோயில் பணியாளரிடம் சொல்கிறது: “மத்தவிய எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போயிட்டாவ அண்ணாச்சி. நான் மட்டுந்தான் வந்தேன். தூத்து முடிச்சிட்டு நானே கதவச் சாத்திட்டுப் போயிருதேன்.” அன்னத்தாயின் குரல். சுகிர்தாவின் கை தானாகப் போய் மேஜை மேலிருந்த தாள்களை ஒன்றாக அடுக்கியது, புறப்படுகிறவளைப்போல. ஆனால் எப்படிப் புறப்படுவது? பீடத்துக்குப் பக்கத்தில் குருவானவர் அங்கி மாற்றுகிற இந்த வெஸ்டிரி அறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு, அது மழைக்காலத்தில் ஊதிப்போய்த் திறக்காமல் கிடக்கிறது. மற்றது கோயிலுக்குள் திறக்கிற கதவு, நான்கு விரற்கடை திறந்து கிடக்கிறது. சனிக்கிழமை மூன்றரை மணி. ஐந்து மணிக்குள் தாள் ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும். நாலாவது சனிக்கிழமை கோயில் பெருக்குவது தெற்குத் தெருப் பெண்களின் முறை என்று வருஷத் தொடக்கத்தில் அட்டவணை போட்டு வாசலில் ஒட்டியது அவளேதான், தன் கையெழுத்தில், நான்கு பெயர், அதில் கடைசிப் பெயர் அன்னத்தாய். ஒட்டியவளுக்கே மறந்துபோயிற்று. மறந்துபோயிற்றா, அல்லது மறக்க விரும்பினாளா என்று தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு, பதிலுக்கு நிற்காமல் பேனாவை எடுத்தாள். வாசல் பக்கம் வாரியல் தரையைத் தொட்டது. சர்ர். ஒரு நிறுத்தம். சர்ர். கோயில் நீளமானது, இருபத்திரண்டு வரிசை பெஞ்சு. இங்கே வந்து சேர அரைமணி நேரமாவது ஆகும். அதற்குள் எழுதி முடித்துவிடலாம். முடித்து? முடித்துவிட்டு அவளைத் தாண்டித்தானே போக வேண்டும்.

இரக்கமுள்ள ஆண்டவரே, எளியோரின் குரலுக்கு நாங்கள் எங்கள் செவிகளை அடைத்துக்கொண்டோம். எழுதிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. சபையார் எல்லோரும் சேர்ந்து வாசிக்கையில் ‘அடைத்துக்கொண்டோம்’ என்ற இடத்தில் நானூறு குரல் ஒன்றாக இறங்கும், அந்த இறக்கம் அவள் காதுக்கு இப்போதே கேட்டது. எட்டு வருஷமாக ஆராதனைக் குழுவின் செயலாளர். எந்தச் சொல்லில் சபை இறங்கும், எந்தச் சொல்லில் தடுக்கும் என்று அவளுக்குத் தெரியும். தமிழாசிரியை வேறு. ‘நாம்’ என்று எழுதினால் கடவுளையும் பாவத்தில் சேர்த்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், ‘நாங்கள்’ என்றுதான் எழுத வேண்டும் என்று குழுக் கூட்டத்தில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறாள். நாங்கள். எவ்வளவு சௌகரியமான சொல். நானூறு பேர் உட்கார்ந்திருக்கிற பந்தலைப்போல. உள்ளே போய் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டால் யாரும் யாரையும் தேடமாட்டார்கள். ஒரு பாவத்தை நானூறாகப் பங்கு போட்டால் தலைக்கு எவ்வளவு வரும்? பொடி மாதிரி வரும், ஊதினால் போய்விடும். அப்புறம் இந்த எளியோர். யார் எளியோர்? அன்னத்தாயைப் பார்த்து யாராவது ‘வா எளியோரே’ என்று கூப்பிடுகிறோமா? ஒரு ஆளின் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இப்படி ஒரு சொல்லை வைத்தால், அதைக் கடவுளிடம் சொல்லும்போதும் குரல் நடுங்குவதில்லை. அவள் வரியை அடித்தாள். அடித்த வரிக்குக் கீழே ‘ஆண்டவரே’ என்று மறுபடி தொடங்கினாள். சர்ர். வாரியல் சத்தம் பெஞ்சுக்கு அடியில் போனபோது மங்கியது, வெளியே வந்தபோது தெளிந்தது. மூன்றாம் வரிசை இருக்கும். பெருக்குகிறவள் எப்படிப் பெருக்குகிறாள் என்பதுகூடக் கேட்கிறது. இரண்டு நீள இழுப்பு, ஒரு குட்டை இழுப்பு. உப்பளத்தில் பலகையால் உப்பு வாருகிற கை. இரண்டு நீளம், ஒரு குட்டை. அறுப்பின் பண்டிகைக்கு ஒத்திகை பார்த்தபோது சுகிர்தா உப்பளத்தைப் பற்றி அவளிடம் எதையுமே கேட்டதில்லை.

மூன்று வாரத்துக்கு முன் நடந்த அறுப்பின் பண்டிகை ஆராதனை அவளுடைய ஆறு வாரத்து உழைப்பு. வழக்கம்போல வாழைத்தாரையும் தேங்காயையும் பீடத்துக்கு முன்னால் குவித்துவிட்டு ஏலம் விடுகிற பண்டிகையாக இல்லாமல், அர்த்தமுள்ள ஒரு ஆராதனை வேண்டும் என்று குழுவில் வாதாடியவள் அவள்தான். ஒவ்வொரு தொழில் செய்கிறவரும் தன் தொழிலின் பலனைக் கையில் ஏந்திப் பவனியாக வர வேண்டும், பீடத்தின் முன் நின்று மைக்கில் இரண்டு வாக்கியம் சொல்லிக் காணிக்கையாக வைக்க வேண்டும், கிப்சன் ஆர்கனில் மெல்ல ஒரு ராகம் வாசிக்க வேண்டும், அடுத்தவர் வர வேண்டும். நெல்லுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், தையலுக்கு ஒருவர், உப்புக்கு யார்? உப்பு இல்லாமல் இந்த ஊரில் ஒரு அறுப்பின் பண்டிகையா? அப்போதுதான் தெற்குத் தெரு அன்னத்தாயின் பெயர் வந்தது. சிறப்புச் செய்தி கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார், அவர் முன்னால் யாரும் தடுமாறக்கூடாது என்று ஆளுக்கு இரண்டு வாக்கியம் அவளே எழுதிக் கொடுத்தாள். அன்னத்தாய்க்கு எழுதியது: தேவரீர் எங்கள் கைகளின் பிரயாசத்தை உப்பாக்கினீர், எங்கள் உப்பை ஊருக்கெல்லாம் ருசியாக்கினீர், உமக்கு ஸ்தோத்திரம். அந்த வரி வந்து விழுந்தபோது சுகிர்தாவுக்கு உடம்பு சிலிர்த்தது, இன்றைக்கு அதை நினைத்தால் அந்தச் சிலிர்ப்பே குமட்டுகிறது. அன்னத்தாய்க்குப் ‘பிரயாசம்’ வாயில் வரவில்லை. ‘பிரியாசம்’ என்றாள். பாடகர் குழு முழுவதும் நிற்கும்போது, ‘பிர-யா-சம், எங்க சொல்லு, பிர-யா-சம்’ என்று நாலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக் கொடுத்தாள். நாற்பத்தேழு வயசுக்காரியைப் பார்த்து. அன்னத்தாய் சிரித்துக்கொண்டே, முந்தானையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டே, திரும்பத் திரும்பச் சொன்னாள். ‘நீ தொடங்க வேண்டிய இடத்துல நான் ரெண்டு விரலத் தூக்குவேன், என் கையவே பாத்துக்கிட்டு இரு’ என்றும் சொல்லி வைத்தாள். கிப்சனுக்கும் அதே அடையாளம்தான். இரண்டு விரல். வகுப்பில் வெளியே போகப் பிள்ளைகள் காட்டுவார்களே, அந்த இரண்டு விரல்.

ஆறாவது வரிசையோ ஏழாவதோ, அங்கே வாரியல் நின்றது. இருமல். பிறகு எதையோ குனிந்து எடுக்கிற அமைதி. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போகிற மிட்டாய்த் தாளாக இருக்கும்.  காற்றாடி ஓடுகிறதே, அதன் சத்தம் வெளியே கேட்குமோ? எழுந்து நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான், நின்றுபோன காற்றாடி ஓடுகிற காற்றாடியைவிடப் பெரிதாகக் காட்டிக்கொடுக்குமே என்று பட்டது. நெற்றியில் வியர்வை பொடித்தது. ஐம்பத்து நாலு வயசில் ஒளிந்து விளையாடுகிறாள். மூன்று ஞாயிறாக இதே விளையாட்டுத்தான்: கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்தில் புத்தகத்தை மூடிக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியேறுவது, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் யாரிடமோ பேசுவதுபோல முதுகைத் திருப்பி நிற்பது. போன வாரம் திரும்பிப் பார்க்கையில் அன்னத்தாய் வேப்பமரத்தடியில் நின்று இவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்ததா அந்த முகம்? தூரத்தில் தெரியவில்லை. கோபமாக இருந்தால் நல்லது. கோபத்துக்கு ஒரு பதில் சொல்லலாம். பத்தே முக்காலாகிவிட்டது, செய்தி கொடுக்க வந்தவருக்குப் பன்னிரண்டு மணிக்கு வேறு ஊரில் கூட்டம், நான் என்ன செய்யட்டும் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது பொய் இல்லை. பொய் இல்லாததனால் அது உண்மையாகியும் விடாது.

அன்னத்தாய் அன்று உப்புத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, யாரிடமோ இரவல் வாங்கியது, மடிப்பு விறைப்பாக நின்றது. இரண்டு விரலைப் பார்த்தாள். ‘தேவரீர் எங்கள் கைகளின் பிரயாசத்தை’ என்று பிசகில்லாமல் சொன்னாள். சுகிர்தாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. அங்கே அன்னத்தாய் நின்றுவிட்டாள். அடுத்த சொல் மறந்துவிட்டதாக நினைத்து இவள் முன்பெஞ்சிலிருந்து ‘உப்பாக்கினீர்’ என்று உதட்டை அசைத்தாள். அன்னத்தாய் தட்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு மைக்கில், படிக்கிற குரலில் இல்லாமல், வீட்டுக் குரலில் சொன்னாள்: “ஆண்டவரே, இந்த உப்ப வச்சி எனக்கு ஸ்தோத்திரம் சொல்ல வரல. அன்னைக்கு பாத்தி ஓரத்துல எம்மவ எமிமா தண்ணி கேட்டா. நான்...” அவ்வளவுதான். அந்த ‘நான்’ என்ற இடத்தில் இவளுடைய இரண்டு விரல் மேலே போயிற்று. கிப்சன் ஆர்கனை அழுத்தினான். ராகம் எழுந்து கோயிலை நிரப்பியது. அன்னத்தாயின் உதடு இன்னும் கொஞ்சம் அசைந்தது, பிறகு நின்றது, தட்டை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். தையற்காரர் கத்தரிக்கோலோடு ஏறினார். எமிமா போன வைகாசியில் செத்துப்போனவள் என்பது ஊருக்கே தெரியும். கல்லூரி விடுமுறையில் தாயோடு உப்பளத்துக்கு வேலைக்குப் போனவள், உச்சி வெயிலில் சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முடிந்துபோனாள். இதே கோயிலில்தான் அடக்க ஆராதனை நடந்தது. அன்று சுகிர்தா வெளியூரில் ஒரு திருமணத்தில் இருந்தாள், திரும்பி வந்து நாலு நாள் கழித்துத் தெருவில் பார்த்தபோது அன்னத்தாயின் கையைப் பிடித்து, ‘கர்த்தர் ஆறுதல் தருவார்’ என்றாள். பத்து விநாடி இருக்கும். அதற்கு நிமிடக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

எம்மவ எமிமா தண்ணி கேட்டா, நான். எழுவாய் இருக்கிறது, பயனிலை இல்லை. இருபத்தொன்பது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி: இந்த வாக்கியத்தில் பயனிலையைக் கண்டுபிடி. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வந்து உட்காரும். அது வருகிறவரைக்கும் ஒருத்தி கொடுத்தாளா கொடுக்கவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் குடுத்தேன். நான் குடுக்கல. நான் இந்த வரிசை முடியட்டும்னு சொன்னேன். நான் குடத்தப் பாத்தேன், காலியாக் கெடந்துது. நான் கேக்கவே இல்ல, காத்துச் சத்தத்துல. மூன்று வாரமாக, பல் விளக்கும்போது, பஸ்ஸில், தேர்வுத்தாள் திருத்தும்போது, சுகிர்தா ஒவ்வொரு பயனிலையாகப் போட்டுப் பார்க்கிறாள், ஒவ்வொன்றும் பொருந்துகிறது, ஒவ்வொன்றும் வேறொரு அன்னத்தாயை உண்டாக்குகிறது. எட்டு மாதம் அந்த ஒரு வினைச்சொல்லை வாயில் அடக்கி வைத்திருந்து, சபை நடுவில், கடவுளுக்கு முன்னால் அதைத் துப்பிவிட வந்தாள். வந்தவளை உன் ராகம் மூடிற்று. இதைவிடப் பெரிய பாவ அறிக்கை ஒன்று இந்தக் கோயிலில் எழுந்ததுண்டா? அது தாளில் இல்லை, ஆகவே நிறுத்தினாய். இதோ இப்போது இரண்டு நிமிடத்துக்கு நீ ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறாய்.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஆராதனை முடிந்ததும் அந்தப் பெரியவர் அவளிடம் வந்து, கண் கலங்க, ‘அந்த உப்பளத்து அம்மா பேச முடியாம நின்ன இடத்துல ஆர்கன் எழும்பிச்சே, அப்படியே நெஞ்சப் பிசைஞ்சிட்டும்மா, யாரு யோசிச்சது அது?’ என்று கேட்டார். சுற்றிலும் ஆறேழு பேர். அவள் என்ன சொன்னாள்? ‘ஏதோ ஆவியானவர் நடத்தினபடி, அப்படி ஒழுங்கு பண்ணியிருந்தோம் ஐயா’ என்று சொன்னாள். நாக்கு கூசவில்லை. ‘ஒழுங்கு பண்ணியிருந்தோம்.’ அங்கேயும் ஒரு நாங்கள். ஆவியானவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டாயிற்று. அன்று மத்தியானம் அசன விருந்தில் எலும்பில்லாத கறித்துண்டாகப் பார்த்து யாரோ இலையில் வைத்தார்கள், ஆராதனை நல்லா இருந்துச்சு டீச்சர் என்று சொல்லி. அதையும் அவள் தின்றாள். ருசியாக இருந்தது என்பது ஞாபகம் இருக்கிறது.

அவளுக்கு ஏன் அந்த நிமிடத்தில் கை போயிற்று? நேரம் ஆனதற்காக அல்ல. அதை அவள் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டாள், கண்டுகொண்டதை வேறு எங்கோ வைத்துவிட்டாள். அப்பா இப்படித்தான் செய்வார். தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தவர், வீட்டில் வாயே திறக்காதவர், கோயிலில் முழங்கால் போட்டதும் விம்முவார். முதலில் தோள் குலுங்கும், பிறகு மூக்குறிஞ்சுகிற சத்தம், பிறகு சபை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு ஓலம், சொல்லாக ஆகாத ஓலம். எதற்கு அழுதார் என்று அம்மாவுக்கும் தெரியாது. அம்மா அவர் தொடையைக் கிள்ளுவாள். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்ளும். பதினோரு வயதில், புதிதாக வந்த மருத்துவர் வீட்டுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, ‘யாரு அது, இப்படி அழுறாங்க?’ என்று கேட்டபோது சுகிர்தா, ‘தெரியல, எங்க தெருவுல உள்ள ஒரு ஆளு’ என்றாள். அப்பாவுக்குக் கேட்டிருக்காது. இரண்டு வரிசை தள்ளித்தான் இருந்தார். கேட்டிருக்குமோ? அதற்கு அப்புறமும் அவர் அவளைச் சைக்கிளில் வைத்துத்தான் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஒழுங்கு தெரிந்த பெண்ணாக, எல்லாவற்றுக்கும் தாளும் நிமிடமும் போடுகிறவளாக அவள் வளர்ந்ததற்கு எல்லோரும் அப்பாவின் ஆபீஸ் வேலையைத்தான் காரணம் சொல்வார்கள். அவர் இறந்தபோது அடக்க ஆராதனையை அவளே திட்டமிட்டாள். ஐம்பது நிமிடம். யாரும் சத்தமாக அழவில்லை, அவ்வளவு நேர்த்தி. மைக்கில் அன்னத்தாயின் வீட்டுக் குரல் எழும்பியபோது இவளுக்குத் தொடையில் கிள்ள வேண்டும் போலிருந்தது. கிள்ளினாள். இரண்டு விரலால்.

செல்போன் அதிர்ந்தது. மேஜைமேல் அது வண்டு மாதிரி உருண்டு சத்தம் போட, அவள் பாய்ந்து எடுத்துக் காதில் அழுத்தினாள். குருவானவர் ஆசீர் ஐயா. “டீச்சர், தாள் ரெடியா? கடைக்காரர் அஞ்சு மணிக்கு அடைச்சிருவாராம்.” “ஆச்சு ஐயா, இன்னும் ஒரே ஒரு பகுதிதான்” என்றாள், குரலைத் தாழ்த்தி. “ஏன் டீச்சர் மெதுவாப் பேசுறீங்க, உடம்புக்கு ஏதும்?” “இல்லைங்க ஐயா.” “ஒரு சின்ன யோசனை. பண்டிகையில அந்த அம்மா நின்னப்ப கிப்சன் வாசிச்சாரே, அத இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. நாளைக்குப் பாவ அறிக்கையிலயும் அப்படி உருக்கமா ஒண்ணு வச்சிருங்களேன். நடுவுல வாசிப்ப நிறுத்தி, கொஞ்ச நேரம் ஆர்கன் மட்டும். எப்படி?” சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம், ஐயா அது ஏற்பாடு இல்லை, நான் அவள் வாயை அடைத்தேன் என்று. வாக்கியம் முழுதாக, பயனிலையோடு, வாய்க்குள் வந்து நின்றது. “சரிங்க ஐயா” என்றாள். போனை வைத்துவிட்டு, எழுதியிருந்ததின் பக்கத்தில், கை தன் பாட்டுக்கு ‘ஆர்கன் – அரை நிமிடம்’ என்று குறித்துக்கொண்டதைப் பார்த்தாள். பிறகு பழைய கோப்பைப் புரட்டி, இரண்டு வருஷத்துக்கு முந்திய தவசுகாலத்தில் தானே எழுதியிருந்த பாவ அறிக்கை ஒன்றை எடுத்து, அப்படியே பார்த்து எழுதத் தொடங்கினாள். எங்கள் பெருமைகளை, எங்கள் அசதிகளை, எங்கள் மறதிகளை. சபையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நாலு வரி எழுதியும் முடித்தாள். அதற்குப் பிறகுதான் கோயிலுக்குள் சத்தமே இல்லை என்பது உறைத்தது.

கதவு திறந்தது. அன்னத்தாய் வாரியலை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். தலையில் துண்டு, புருவத்தில் தூசி. “டீச்சர் உள்ளதான் இருக்கியளா? போன் சத்தம் கேட்டிச்சி. காத்தாடியக்கூடப் போடாம இருக்கியளே” என்று சொல்லி, வந்து சுவிட்சைத் தட்டினாள். தாள்கள் படபடத்தன. சுகிர்தா அவற்றை உள்ளங்கையால் அமுக்கினாள், எழுத்து தெரியாதபடி. அன்னத்தாய் போகவில்லை. வாரியலைக் கட்டிய கயிற்றை விரலால் நெருடிக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். கோவமா இருக்கியளா?”

“யாரு? நானா?”

“அன்னைக்கு நீங்க எழுதிக் குடுத்தத நான் முழுசாச் சொல்லல. அம்புட்டு பாடுபட்டுச் சொல்லிக் குடுத்திய. பெரிய ஆளு வந்திருந்த எடத்துல ஏதோ வாயில வந்தத உளறி வச்சேன். மன்னிச்சிக்கிடுங்க.”

அந்த ஒரு கணத்தில் சுகிர்தாவின் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். லேசாயிற்று. அவ்வளவு சுகமாக லேசாயிற்று. தப்பு தன் பக்கம் என்று அன்னத்தாயே நினைக்கிறாள், அவளுக்குத் தெரியவில்லை, ராகம் தற்செயலாக வந்தது என்று இருக்கிறாள், இப்படியே இருந்துவிடட்டும். மனம் இதை நினைத்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது: “அதனால என்ன, பரவாயில்ல அன்னத்தாய்.” சொல் வெளியே போய்விட்டது. மன்னித்துவிட்டாள். மகளைச் சாகக் கொடுத்தவள் சபையில் வாய் திறந்த குற்றத்துக்கு, அந்த வாயை அடைத்தவள் பெரிய மனதோடு மன்னிப்பு வழங்கிவிட்டாள். மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அன்னத்தாய், “சரி டீச்சர்” என்று திரும்பினாள். இரண்டு எட்டு வைத்தும்விட்டாள்.

“நில்லு. நில்லுங்க. கிப்சன் தானா வாசிக்கல. நான்தான் கையக் காட்டினேன். நீங்க பேசிக்கிட்டு இருக்கும்போது நிறுத்துறதுக்காகக் காட்டினேன்.”

அன்னத்தாய் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

“தெரியும் டீச்சர். உங்க கையத்தான பாத்துக்கிட்டு நின்னேன். நீங்கதான அப்படிச் சொல்லியிருந்திய.”

தெரியும். மூன்று வாரமாகத் தெரியும். வேப்பமரத்தடியில் நின்றபோதும் தெரியும். “தெரிஞ்சுமா என்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டீங்க?” என்று கேட்டாள் சுகிர்தா.

“என்னயப் பாத்தா ஒதுங்கி ஒதுங்கிப் போறிய. சைக்கிள் நிப்பாட்டுற எடத்துல போயி சுவரப் பாத்துக்கிட்டு நிக்கிய. பாக்கச் சங்கடமா இருக்கு. யாராவது ஒரு ஆளு பேசணும்லா” என்றாள் அன்னத்தாய். சொல்லிவிட்டு, “இது என்ன டீச்சர், இன்னைக்கு ‘நீங்க’ங்கிய. எப்பவும் ‘நீ’ன்னுதான கூப்புடுவிய” என்று லேசாகச் சிரித்தாள்.

சுகிர்தா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். “அன்னைக்கு அந்த ‘நான்’னு சொன்னீங்களே, அதுக்கு அப்புறம் என்ன சொல்ல வந்தீங்க? இப்ப சொல்லுங்க. நான் கேக்கேன். எவ்வளவு நேரம்னாலும் கேக்கேன்.” சொல்லும்போதே, இது அவளுக்காகக் கேட்கிறதா, மூன்று வாரமாகத் தன் மண்டைக்குள் அரிக்கிற அந்த ஒரு சொல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதற்காகக் கேட்கிறதா என்று ஒரு சந்தேகம் பாம்பு மாதிரி நெளிந்தது. அன்னத்தாய் வாரியலை மறுபடி இடுப்பில் அணைத்துக்கொண்டாள். 

“அது உங்ககிட்ட சொல்றதுக்கு வந்தது இல்ல டீச்சர். வெஸ்டிரில வச்சு ரெண்டு பேரு மட்டும் பேசிக்கிடுறதுக்கும் இல்ல. அம்புட்டு சனத்துக்கும் முன்னால, அவரு சமூகத்துல சொல்லணும்னு வந்தது. அன்னைக்கு வந்துது. போயிட்டு.”

“அப்ப நாளைக்குச் சொல்லுங்க. நான் தாள்ல போட்டுருதேன். உங்க பேரப் போட்டு, சாட்சின்னு.”

“எத்தன நிமிசம் டீச்சர்?”

குத்தலாகக் கேட்கவில்லை. கடையில் எடை கேட்பதுபோல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதைவிட மோசம், சுகிர்தாவின் உதடு அதற்குள் குவிந்து, பழக்கத்தில், ‘மூ’ என்று ஆரம்பித்திருந்தது. கடித்துக்கொண்டாள். அன்னத்தாய்க்கு அது கேட்டுவிட்டது. அவள் பார்வையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள், கீழே துணி விலகிக் கிடக்கிறவரைப் பார்த்துவிட்டால் திருப்பிக்கொள்வோமே, அந்த மாதிரி, ஒரு மரியாதையோடு. அந்த மரியாதைதான் சுகிர்தாவைக் கொன்றது.

“வேண்டாம் டீச்சர். தாள்ல போட்டா அது உங்க ஆராதனையாப் போவும். எனக்கு மறுபடியும் எப்ப வருதோ அப்ப நானே எந்திரிச்சி நிப்பேன். வராமலும் போவும், தெரியல. எந்திரிச்சேன்னா, அன்னைக்குக் கைய மட்டும் மடியில வச்சிக்கிடுங்க.”

சுகிர்தா தலையாட்டினாள்.  ஏதாவது சொன்னால் அது ஒரு நல்ல வாக்கியமாக வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அன்னத்தாய் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மூலையில் போன பண்டிகையின் காகிதப் பூ கிடந்தது, மேஜைக்கு அடியில் கசக்கிப் போட்ட தாள்கள், அடித்துத் திருத்தியவை, ஏழெட்டு. இடுப்பிலிருந்த வாரியலைக் கைக்கு மாற்றிக் குனிந்தாள்.

“காலக் கொஞ்சம் தூக்குங்க டீச்சர்.”

எழுந்து விலகியிருக்கலாம். வாரியலைக் கையிலிருந்து வாங்கியிருக்கலாம். அதெல்லாம் பிற்பாடு, பல நாள், தோன்றியது. அப்போது அவள் சொன்னதைக் கேட்கிற பிள்ளைபோல நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். வாரியல் அவளுக்குக் கீழே புகுந்து, இரண்டு நீள இழுப்பு, ஒரு குட்டை இழுப்பு, கசங்கிய தாள்களைத் தள்ளிக்கொண்டு வெளியே போனது. கதவுக்கு அப்பால், பீடத்தின் படியில் சத்தம் தேய்ந்து, தெற்கு வாசல் பக்கம் போய் நின்றும்விட்டது. சுகிர்தா இன்னும் கால்களைக் கீழே இறக்கவில்லை.